திப்பியில் டீசல்: அந்த 40 சதவீதம் எதில்?

கேள்வி: ஆத்தூர் பக்கம் சிறிய சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி வைத்திருக்கிறோம். மரவள்ளியில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையான திப்பியைக் காயவைத்து மாட்டுத் தீவனத்துக்குக் கொடுக்கிறோம். ஸ்டார்ச்சை நேராகத் தின்று எண்ணெய் சேர்க்கும் ஈஸ்ட் தருவதாகவும், திப்பியில் 40 சதவீதம் எண்ணெய் வரும், அதைப் பயோடீசலுக்கு அவர்களே திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்றும் ஒரு கம்பெனி ஏஜென்ட் சொல்கிறார். முன்பணம் 6 லட்சம் கேட்கிறார். இறங்கலாமா?

பதில்: முன்பணம் கட்டாதீர்கள். காரணம் கீழே. படிக்க நேரமில்லை என்றால் இந்த முதல் வரியே போதும்.

ஏஜென்ட் சொன்ன 40 சதவீதம் முழுப் பொய் இல்லை. சில வகை ஈஸ்ட்டுகளை வடித்துக் காயவைத்து எடை போட்டால், அந்த எடையில் 40 சதவீதம் எண்ணெய் இருக்கும். இன்னும் கூடுதலாகச் சேர்க்கும் ரகங்களும் உண்டு. ஆனால் அது காய்ந்த ஈஸ்ட்டின் எடையில் 40. உங்கள் திப்பியின் எடையில் அல்ல. "எதில் 40 சதவீதம்?" என்று கேளுங்கள். நேரான பதில் வராது.

கணக்கை நாமே போடுவோம். காய்ந்த திப்பி 1 டன்னில் பாதி ஸ்டார்ச் என்று வைத்தால் 500 கிலோ. அது சர்க்கரையாக உடையும்போது தண்ணீரும் சேர்வதால் ஏட்டுக் கணக்கில் 555 கிலோ ஆகும். நாரோடு ஒட்டிக்கொண்டு உடையாமல் நிற்பதைக் கழித்தால் 500 கிலோ கைக்கு வரலாம். 100 கிலோ சர்க்கரையிலிருந்து 32 கிலோவுக்கு மேல் எண்ணெய் எடுக்க எந்த ஈஸ்ட்டாலும் முடியாது. சர்க்கரையில் பெரும்பங்கு கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் போய்த்தான் தீரும். ஆய்வகத்தில் 20 கிலோ கிடைத்தாலே நல்ல விளைச்சல். அந்த வீதத்தில் உங்களுக்கு 100 கிலோ. பிரித்தெடுப்பதில் 10 கிலோ வீணானால் மிச்சம் 90 கிலோ, அதாவது ஏறக்குறைய 100 லிட்டர் பயோடீசல். அவர் சொன்ன கணக்குக்கு 400 கிலோ வந்திருக்க வேண்டும். இன்றைக்கு 1 டன் திப்பிக்குத் தீவன வியாபாரி என்ன கொடுக்கிறார் என்பது உங்களுக்கே தெரியும். 100 லிட்டர் டீசல் விலைக்குப் பக்கத்தில் அதை எழுதிப் பாருங்கள். இன்னும் ஒரு ரூபாய் செலவுகூட நாம் கணக்கில் சேர்க்கவில்லை.

செலவு எங்கே வருகிறது? அந்த 500 கிலோ சர்க்கரையை லிட்டருக்கு 50 கிராம் வீதம் கரைத்தால் 10,000 லிட்டர். அத்தனையையும் கொதிக்கவைத்துக் கிருமி நீக்கி, ஆறவைத்து, நான்கைந்து நாள் இடைவிடாமல் காற்று ஊத வேண்டும். சாராயம் காய்ச்சக் காற்று வேண்டாம். எண்ணெய் சேர்க்கும் ஈஸ்ட்டுக்கு மூச்சு முட்டினால் வேலை நடக்காது. கம்ப்ரஸரின் கரண்ட் பில் அந்த 100 லிட்டரின் தலையில்தான் விழும். கடைசியில் ஈஸ்ட்டை வடித்தபின் மிஞ்சுவது ஏறக்குறைய 10,000 லிட்டர் கழிவுநீர். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நீங்கள் ஏற்கெனவே பதில் சொல்லிக்கொண்டிருப்பது போதாதா?

இந்தத் தொழிலில் நான் அதிகம் எரிச்சல்படுவது ஈஸ்ட்டுக்குச் சத்து என்று "நியூட்ரியன்ட் பவுடர்" விற்பவர்கள் மேல்தான். ஈஸ்ட் கொழுப்பைச் சேர்ப்பது வசதியான நாளில் அல்ல. சர்க்கரை மிச்சமிருக்க நைட்ரஜன் தீர்ந்துபோனால், புது செல் கட்ட வழியில்லாமல் மிச்சச் சர்க்கரையைக் கொழுப்பாக்கி வைக்கும். அவ்வளவுதான் ரகசியம். பாக்கெட்டில் வரும் பவுடரில் யூரியாவோ அமோனியம் உப்போ இருந்தால் ஈஸ்ட் கொழுக்காது, பெருகும். தொட்டி நிறைய நுரை வரும், பார்க்க ஜோராக இருக்கும், எண்ணெய் மட்டும் இருக்காது. "எண்ணெய் ஏறவில்லையா, இன்னொரு பாக்கெட் போடுங்கள்" என்று ஒருவர் சொன்னால், அவர் பிழைப்பு அந்தப் பாக்கெட்டில் இருக்கிறது என்று அர்த்தம்.

இனி, ஸ்டார்ச்சை நேராகத் தின்னும் ஈஸ்ட். இதை நான் ஒரேயடியாக மறுக்க முடியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லிப்போமைசிஸ் ஸ்டார்கீ என்று ஒரு ஈஸ்ட் உண்டு. அதன் சில ரகங்கள் அமைலேஸ் என்ற என்சைமைத் தாங்களே சுரந்து ஸ்டார்ச்சை உடைத்து, அதே தொட்டியில் எண்ணெயும் சேர்க்கும். எண்ணெய்க்குப் பேர்போன யாரோவியா என்ற ஈஸ்ட் ஸ்டார்ச்சை இயல்பாகத் தொடாது, பேக்கரி ஈஸ்ட்டும் தொடாது, லிப்போமைசிஸ் தொடும். என்சைம் வாங்கும் செலவு மிச்சம் என்பது உண்மை. ஆனால் பச்சை மாவு மணியாக இருக்கும் ஸ்டார்ச் அதற்கு எளிதில் மசியாது. வேகவைத்துக் கூழாக்கித்தான் கொடுக்க வேண்டும். திப்பிக் கூழ் கெட்டிப்பட்டால் அதற்குள் காற்றை ஊதுவது பெரும்பாடு. நீர்க்க விட்டால் தொட்டி பெரிதாகும். இந்த ஈஸ்ட் வேகமாக வளர்வதும் இல்லை. திப்பி ஒரு ராத்திரி கிடந்தாலே புளிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் புளிப்புக் கிருமிகள் விருந்தை முடித்துவிட்டுப் போன பிறகுதான் நம்ம ஆள் எழுந்திருப்பார். இவருக்குப் பிடித்த சூடு 30 டிகிரியை ஒட்டி. வளரும்போது தொட்டி தானாகவே சூடேறும். வெளியே சித்திரை வெயில் 40 டிகிரி அடிக்கும் ஊரில் 10,000 லிட்டரை 30-ல் நிறுத்தச் சில்லர் வேண்டும். ஆகவே, அப்படிப்பட்ட ஈஸ்ட் இருக்கிறதா என்றால் இருக்கிறது. உங்கள் ஷெட்டில் அது பிழைக்குமா என்றால், பிழைக்காது.

ஈஸ்ட் ரகத்துக்கே பெரிய தொகை கேட்டால் அதிலும் ஏமாறாதீர்கள். புனேயில் என்.சி.ஐ.எம்., சண்டிகரில் எம்.டி.சி.சி. என்று நுண்ணுயிர்ச் சேகரிப்பு மையங்கள் இருக்கின்றன. எண் போட்ட சுத்தமான ரகங்களை முறைப்படி கேட்பவர்களுக்குக் கட்டணத்துக்குத் தருகிறார்கள். ஏஜென்டிடம் ரகத்தின் பெயரையும் எண்ணையும் கேளுங்கள். "கம்பெனி சீக்ரெட்" என்றால் பாக்கெட்டில் என்ன ஈஸ்ட் என்று உங்களால் கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது.

திரும்ப வாங்கும் ஒப்பந்தத்தைப் பற்றிக் கொங்கு மண்டலத்துக்காரருக்கு நான் என்ன சொல்ல? திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் பணம் வாங்கி ஏமாற்றிய ஈமு கோழிக் கம்பெனிகள் நினைவிருக்கும். அதற்கு முன்பே, 2003-ல் மத்தியத் திட்டக்குழுவின் குழு காட்டாமணக்கு பயோடீசலைப் பரிந்துரைத்தது. 2011-12-க்குள் டீசலில் 20 சதவீதம் கலப்போம் என்றார்கள். கன்று விற்றவர்கள் விற்றார்கள், காய் பறித்து யாரும் பணக்காரராகவில்லை. இப்போது 2018 தேசிய உயிரி எரிபொருள் கொள்கைப்படி 2030-க்குள் 5 சதவீதம். எண்ணை மாற்றி எழுதுவதில் டில்லிக்குச் சிரமமே இல்லை. ஈஸ்ட் எண்ணெயை என்ன விலைக்கு யார் எடுப்பார் என்பதைத்தான் எழுதமாட்டார்கள். அந்தக் கொள்கையில் மரவள்ளியின் பெயர் எத்தனாலுக்கு வருகிறது. அதைக் காட்டி இந்தக் கம்பெனிகள் "அரசு அங்கீகரித்த திட்டம்" என்று நோட்டீஸ் அடிக்கின்றன. அது போதாதென்று, குடுவையில் 250 மில்லியில் நடந்த சோதனையைப் பல்கலைக்கழகங்கள் "திப்பியிலிருந்து டீசல்" என்று பத்திரிகைச் செய்தியாக்கிவிடுகின்றன. ஏஜென்ட் அந்த வெட்டுச் செய்தியை லேமினேட் செய்து கொண்டுவருகிறார்.

எரிபொருளாக விற்க பயோடீசலுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 15607 வேண்டும் என்பதையும் அவர் சொல்லியிருக்க மாட்டார். அமெரிக்காவில் சோலாசைம் என்ற பெரிய நிறுவனம் சர்க்கரையில் பாசி வளர்த்து எரிபொருள் எண்ணெய் எடுக்கக் கிளம்பியது. கட்டுப்படியாகாமல் உணவு, அழகுப்பொருள் பக்கம் திரும்பி, 2016-ல் பெயரை டெர்ராவியா என்று மாற்றி, 2017-ல் திவால் மனு போட்டது. அவர்களுக்கே அந்த நிலை.

திப்பியில் எரிபொருள்தான் வேண்டும் என்றால் பயோகேஸ் போடுங்கள். கிருமி நீக்க வேண்டாம், காற்று ஊத வேண்டாம், ஓரளவு புளித்தாலும் கெடுதல் இல்லை. உங்கள் மாவட்டத்திலேயே கழிவுநீரில் கேஸ் எடுத்து ஓடும் சேகோ ஃபேக்டரிகள் இருக்கின்றன, போய்ப் பாருங்கள். திப்பிக்கு வேறு உபயோகம் தேட ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்திலும் விசாரிக்கலாம்.

ஏஜென்ட் மறுபடி வந்தால் ஒன்று கேளுங்கள்: உங்கள் திப்பி 1 டன்னை அவர் செலவில், அவர் பிளான்ட்டில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே ஓட்டி எண்ணெயை எடை போட்டுக் காட்டட்டும். பிளான்ட் வேறு மாநிலத்தில் இருக்கிறது என்பார். டிக்கெட் போட்டுத் தரச் சொல்லுங்கள்.