காட்டுப்பன்றிக் கறி வேகாமல் சாப்பிட்டது பற்றி

மாமனார் ஊரில் தணலில் சுட்ட காட்டுப்பன்றிக் கறி உள்ளே சிவப்பாக இருந்தது, மூன்று நாளாக வயிற்றுப்போக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். சாதாரண அஜீரணமாகவும் இருக்கலாம். ஆனால் நான் பயப்படுவது டிரைக்கினெல்லா புழுவுக்கு.

கறியில் அதன் குஞ்சுப் புழுக்கள் கண்ணுக்குத் தெரியாமல் சுருண்டு கிடக்கும். குடலில் வளர்ந்து குட்டி போட, அவை ரத்தம் வழியாகத் தசைக்குள் போய் உட்காரும். முதல் வாரம் வயிறு படுத்தும். அப்புறம் 2 முதல் 4 வாரத்தில் காய்ச்சல், உடல்வலி, கண்ணைச் சுற்றி வீக்கம். அந்தக் கண் வீக்கத்தை அலட்சியம் செய்யாதீர்கள்.

நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள். "காட்டுப்பன்றி, அரைவேக்காடு" என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அவருக்குத் தோன்றாது. ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளை அணுவின் அளவு பார்ப்பார். புழுவை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியைத் தேடும் ரத்தச் சோதனை ஆரம்பத்தில் இல்லை என்றே காட்டக்கூடும். அல்பெண்டசோல் மாத்திரை புழு தசைக்குள் போகும் முன் நன்றாக வேலை செய்யும். கர்ப்பமாக இருக்கும் உங்கள் மனைவியும் சாப்பிட்டதால், கடையில் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

மீதிக் கறி ஃப்ரீசரில் இருக்கிறதே என்றீர்கள். தூக்கிப் போடுங்கள். காட்டு விலங்குகளில் உள்ள சில வகைப் புழுக்கள் உறைநிலையையும் தாங்கும். உப்புக்கண்டம் போட்டாலும் புகையில் வாட்டினாலும் நம்ப முடியாது. உள்ளே 71 டிகிரி செல்சியஸ் சூடு ஏறும்வரை சமைத்தால்தான் பாதுகாப்பு.

கறியை வெட்டியவர் கையில் காயம் இருந்ததா? இருந்தால் அவரையும் கூட்டிப்போங்கள், காட்டுப்பன்றியிடமிருந்து தொற்றும் புருசெல்லா என்ற பாக்டீரியா அந்த வழியாகவும் வரும்.

வேட்டை சட்டப்படி குற்றம் என்பதை மாமனாரிடம் யார் சொல்வது என்பது உங்கள் குடும்ப விவகாரம்.