கணினியில் வைரஸ் வந்துவிட்டால் ஃபோர்மட் அடிப்பதுதான் ஒரே வழியா?

மகள் உயர்தரம் படிக்கிறார், பென்ட்ரைவில் இருந்த பாடக் குறிப்புகள் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறிவிட்டன, திரையின் மூலையில் "உங்கள் கணினியில் வைரஸ்" என்று ஓயாமல் விளம்பரம் வருகிறது, கடையில் கேட்டால் ஃபோர்மட் அடிக்க வேண்டும், அதாவது எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார்கள், என்ன செய்வது என்று நோர்வூட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நான் ஹட்டனில் கணினி திருத்தும் வேலை செய்கிறேன். நீங்கள் சொன்ன இரண்டு தொல்லைக்குமே ஃபோர்மட் தேவைப்படாது. முக்கியமாக, அவசரப்பட்டு அந்தப் பென்ட்ரைவை ஃபோர்மட் செய்துவிடாதீர்கள். பிள்ளையின் குறிப்புகள் பெரும்பாலும் அதற்குள்ளேயேதான் இருக்கும்.

ஷோர்ட்கட் வைரஸ் கோப்புகளை அழிப்பதில்லை. உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் ஒரு ஷோர்ட்கட்டை, அதாவது வேறொன்றைத் திறக்கும் குறுக்குவழியை, வைத்துவிடும். நம்முடைய ஃபோல்டர் என்று நினைத்து அழுத்தினால் முதலில் வைரஸ் ஓடும், அப்புறம் ஃபோல்டரும் திறக்கும். திறந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஒரு காலத்தில் பென்ட்ரைவைச் செருகினாலே வைரஸ் தானாக ஓடியது. 2011இல் மைக்ரோசொஃப்ட் பழைய விண்டோஸ்களிலும் அந்த வசதியை நிறுத்திவிட்டது. அதனால் இப்போது நம் கையாலேயே அழுத்த வைக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் ஃபோல்டர் படத்தின் இடது மூலையில் வளைந்த அம்புக்குறி ஒன்று தெரியும், அளவும் ஒன்றிரண்டு கிலோபைட்டுக்கு மேல் இருக்காது.

முதலில் கணினியைச் சுத்தம் செய்யுங்கள், பென்ட்ரைவை அப்புறம் பார்க்கலாம். இந்த வரிசை மாறினால், சுத்தம் செய்த பென்ட்ரைவைச் செருகிய சில நொடியில் பழையபடி ஆகிவிடும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபென்டர் என்ற வைரஸ் தடுப்பு மென்பொருள் கூடவே வருகிறது. வீட்டுக்கு அது போதும். விண்டோஸ் செக்கியூரிட்டியைத் திறந்து முதலில் அதன் அப்டேட்டை எடுங்கள். நம் பக்கம் பலர் டேட்டா மிச்சம் பிடிக்க டொங்கிள் இணைப்பை மீட்டர்ட் (டேட்டாவைக் குறைவாக எடுக்கும் அமைப்பு) என்று போட்டு வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் டிஃபென்டருக்கு வர வேண்டிய அப்டேட் தானாக வராமல் நின்றுபோகும், நாம்தான் போய் அழுத்த வேண்டும். அதன் பிறகு ஃபுல் ஸ்கேன். அது முடிந்ததும் ஸ்கேன் ஒப்ஷன்ஸில் இருக்கும் ஒஃப்லைன் ஸ்கேனையும் கட்டாயம் ஓட விடுங்கள். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது சில வைரஸ்கள் தம்மை மறைத்துக்கொள்ளும். ஒஃப்லைன் ஸ்கேன், கணினியை மறுபடி தொடங்கி, விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன்பே தேடும் என்பதால் அவற்றால் எளிதில் ஒளிய முடியாது. கால் மணி நேரம் போல எடுக்கும்.

இப்போது பென்ட்ரைவுக்கு வரலாம். செருகிய பிறகு எதையும் திறக்காமல், ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுங்கள். அடுத்து ஃபோல்டர் ஒப்ஷன்ஸில் வியூ பகுதிக்குப் போய், மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். அதே இடத்தில் 'ஹைட் புரொடெக்டட் ஒப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற வரியில் இருக்கும் சரி அடையாளத்தையும் எடுத்துவிடுங்கள். பலர் இந்த இரண்டாவதை விட்டுவிட்டு, "ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் அழிந்துவிட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வைரஸ் அந்த ஃபோல்டர்களுக்கு விண்டோஸின் சொந்தக் கோப்பு என்ற முத்திரையைக் குத்தி வைத்திருப்பதால்தான் அப்படி. எடுத்ததும் மங்கலான நிறத்தில் ஃபோல்டர்கள் தெரியும். சில வேளைகளில் பெயரே இல்லாத ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் இருக்கும், மொத்தக் கோப்புகளும் அதற்குள் கிடக்கும். உள்ளே போய் பி.டி.எஃப்., வேர்ட் கோப்புகள், படங்கள் ஆகியவற்றை மட்டும் தெரிந்தெடுத்து, கணினியில் புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் கொப்பி செய்யுங்கள். வி.பி.எஸ்., ஜே.எஸ்., இ.எக்ஸ்.இ. என்று பெயர் முடிபவை அழுத்தினால் ஓடும் நிரல்கள், அவற்றைத் தொடவே வேண்டாம். எல்லாம் வந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகு பென்ட்ரைவை ஃபோர்மட் அடிக்கலாம். எடுத்த சரி அடையாளத்தை மறுபடி போட்டுவிடுங்கள்.

மூலையில் வரும் விளம்பரம் பெரும்பாலும் வைரஸே இல்லை. ஏதோ ஓர் இணையத்தளம் நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி கேட்டிருக்கும், யாரோ 'அலவ்' அழுத்தியிருப்பார்கள். குரோமில் சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், தெரியாத பெயர்களை எல்லாம் நீக்கினால் அன்றோடு நின்றுவிடும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு விஷயம். கொட்டகலையிலிருந்து ஒரு மடிக்கணினி வந்தது. ஃபோர்மட் அடித்துக் கொஞ்ச நாள்தான், மறுபடியும் வைரஸ் என்றார்கள். டிஃபென்டரின் கேடயத்தில் பச்சை அடையாளம் அழகாக இருந்தது. எக்ஸ்க்ளூஷன்ஸ் என்ற பட்டியலைத் திறந்தால், சி ட்ரைவ் முழுவதும் அதில் இருந்தது. அதாவது, விண்டோஸ் இருக்கும் இடத்திலேயே தேடாதே என்று டிஃபென்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். கிராக் விண்டோஸ், கிராக் ஒஃபிஸ், அதாவது காசு கொடுக்காமல் லைசன்ஸ் பூட்டை உடைத்த பிரதிகள், போடும்போது டிஃபென்டர் தடுக்கும், அதனால் அதன் வாயைக் கட்டிவிடுகிறார்கள். பிறகு யார் கட்டை அவிழ்ப்பது? நீங்கள் இன்றைக்கே அந்தப் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் போடாதது எது இருந்தாலும் நீக்கிவிட்டு, ஸ்கேனை மறுபடி ஓட விடுங்கள்.

கிராக் என்பது நம் ஊரில் சாதாரணமாகிவிட்டது, ஆனால் அதன் வழியாக வருவது சாதாரணமானதில்லை. ஸ்டொப் என்ற ரான்சம்வேர், வீட்டுக் கணினிகளுக்குள் பெருமளவு நுழைந்தது கிராக் கோப்புகள் மூலம்தான். குடும்பப் படம், பிள்ளையின் குறிப்பு எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். இன்னொரு வகை சத்தமே போடாது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், லொகின் ஆகியிருக்கும் கணக்குகளையும் வாரி எடுத்து அனுப்பிவிடும். கிராக் எதையாவது ஓட்டியிருந்தால், சுத்தமான வேறொரு ஃபோனிலிருந்து ஜிமெயில், ஃபேஸ்புக், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் லொக் அவுட் செய்யுங்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால், திறந்தபடி இருக்கும் லொகின் அப்படியே கிடக்கக்கூடும். இந்த நிலைமையில் மட்டும் நானும் ஃபோர்மட் அடியுங்கள் என்றுதான் சொல்வேன்.

அதற்கும் கிராக் தேவையில்லை. விண்டோஸ் 10 அல்லது 11 உடன் புதிதாக வாங்கிய மடிக்கணினி என்றால் அதன் லைசன்ஸ் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். விண்டோஸ் ஹோம் பதிப்பு இருந்த இடத்தில் ஹோமையே போட்டால், இணையத்தில் இணைத்ததும் தானாக அக்டிவேட் ஆகிவிடும். இதைத் தெரியாமல் சொந்தமாக லைசன்ஸ் உள்ள கணினியில் போய் கிராக் போடுவதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. ஒஃபிஸ் வேண்டுமென்றால் லிப்ரே ஒஃபிஸ் இலவசம், பாடசாலை வேலைக்குத் தாராளமாகப் போதும். பாமினி என்ற தமிழ் எழுத்துருவை இணையத்தில் தேடும்போதும் கவனம்: எழுத்துருக் கோப்பு டி.டி.எஃப். என்று முடியும். பெரிய பச்சை பட்டனை அழுத்தி இ.எக்ஸ்.இ. இறங்கினால் அது எழுத்துரு அல்ல, திறக்காமல் அழித்துவிடுங்கள்.

கடையில் கொடுப்பதாக இருந்தால், குறிப்புகளை முதலில் வேறு இடத்தில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், டிஃபென்டரை நிறுத்தக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டிலேயே விண்டோஸைப் புதிதாகப் போடும் ரீசெட் செய்வதாக இருந்தால் லோக்கல் ரீஇன்ஸ்டோல் என்பதைத் தெரிந்தெடுங்கள், டேட்டா செலவாகாது. ஆனால் காற்று மழை நாளில் தொடங்காதீர்கள். பெட்டரி நிறைந்து, சார்ஜரும் செருகியிருக்க வேண்டும். ரீசெட் பாதியில் கறண்ட் போனால் விண்டோஸ் எழும்பாமலே போகலாம்.

இனிமேல் வராமல் இருக்க, பென்ட்ரைவைப் பிரிண்ட் எடுக்கும் கொமினிகேஷன் கடைக்குக் கொண்டு போவதைக் குறையுங்கள். நாள் முழுக்க ஊரார் பென்ட்ரைவ் எல்லாம் ஏறி இறங்கும் கணினி அது. பிரிண்ட் எடுக்க வேண்டியதை வட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பலாம். முடியாவிட்டால், பிரிண்டுக்கென்றே ஒரு சிறிய பென்ட்ரைவை வைத்து, அன்றைய கோப்பை மட்டும் போட்டுக் கொடுங்கள். தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வரும் பிள்ளைகள் படம் கொண்டு வந்தாலும் ஸ்கேன் செய்த பிறகே திறக்க வேண்டும். மகளின் குறிப்புகளுக்கு, கூகுள் கணக்கோடு கிடைக்கும் 15 ஜி.பி. இலவச இடம் போதும், அதிலும் ஒரு பிரதி இருக்கட்டும். விண்டோஸ் 10 என்றால் அதன் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. கணினி 11ஐத் தாங்குமா என்று செட்டிங்ஸில் பாருங்கள், தாங்கினால் மாற்றம் இலவசம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஷோர்ட்கட் திரும்பி வந்தால், டிஃபென்டரின் புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியைத் திறந்து அதில் எழுதியிருக்கும் வைரஸின் பெயரை அப்படியே எனக்கு எழுதுங்கள். பெயரைப் பார்த்தால் எது வரைக்கும் போயிருக்கிறது, ஃபோர்மட் அடிக்கத்தான் வேண்டுமா என்று சொல்லிவிடலாம்.