வரிக்கு நீங்கள் எந்த நாட்டுக்காரர்?

கேள்வி: வேலை விசாவில் அமெரிக்கா வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கிரீன் கார்டு இல்லை, விண்ணப்பிக்கவும் இல்லை. ஆனால் ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவர் "நீங்கள் ரெசிடென்ட்" என்கிறார். தற்காலிக விசாவில் இருப்பவன் எப்படி ரெசிடென்ட் ஆவேன்?

பதில்: அவர் சொல்வது சரிதான். குடியேற்றத் துறைக்கு நீங்கள் யார் என்பது ஒன்று, வரித் துறைக்கு யார் என்பது வேறொன்று. இரண்டுக்கும் ரெசிடென்ட் (வசிப்பவர்) என்று ஒரே பெயரை வைத்துத் தொலைத்ததில்தான் பாதிக் குழப்பமே வருகிறது. கிரீன் கார்டு இருந்தால் வரிக்கும் ரெசிடென்ட், பேச்சே இல்லை. இல்லாதவர்களுக்கு நாள் கணக்கு: இந்த ஆண்டு அமெரிக்காவில் இருந்த நாட்கள் முழுதாக, போன ஆண்டு நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தைய ஆண்டில் ஆறில் ஒரு பங்கு, மூன்றையும் கூட்டி 183 வந்துவிட்டால் (இந்த ஆண்டில் குறைந்தது 31 நாளாவது இருந்திருக்க வேண்டும்) ரெசிடென்ட்.

போட்டுப் பாருங்கள். மூன்று வருடமும் 120 நாள் வீதம் இருந்தவருக்கு 120 + 40 + 20, மொத்தம் 180. தப்பித்தார். 122 நாள் வீதம் இருந்தவருக்குச் சரியாக 183. மாட்டினார்! வருடத்துக்கு இரண்டே நாள் வித்தியாசம், அதுவும் விமானம் இறங்கின நாளும் ஏறின நாளும் முழு நாளாகவே எண்ணப்படும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். (122 நாள்காரருக்கு ஒரு வழி உண்டு: இந்த ஆண்டில் 183 நாளுக்குள் இருந்து, வேறு நாட்டோடுதான் தனக்கு நெருங்கிய தொடர்பு என்று காட்ட முடிந்தால் விலக்குக் கேட்கலாம். வருடம் முழுக்க அங்கேயே இருக்கும் உங்களுக்கு அது கிடைக்காது.)

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாக முதல் 5 காலண்டர் ஆண்டுகளின் நாட்கள் கணக்கில் சேராது, அதனால் உடன் படித்த நண்பரின் கதையை வைத்து உங்கள் கதையை முடிவு செய்யாதீர்கள். ரெசிடென்ட் ஆன பிறகு அங்கே வாங்கும் சம்பளம் மட்டும் அல்ல, வேறு நாட்டு வங்கியில் கிடக்கும் டெபாசிட்டின் வட்டி, வீட்டு வாடகை எல்லாவற்றையும் ரிட்டர்னில் காட்ட வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகளில் உள்ள பணம் எல்லாம் சேர்ந்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் அதற்குத் தனி அறிவிப்பு. வரியே வராவிட்டாலும் கொடுத்தாக வேண்டும்.

கேள்வி: இரண்டு நாடுகளுமே என்னை ரெசிடென்ட் என்கின்றன. இது எப்படி நடக்கும்?

பதில்: தாராளமாக நடக்கும். ஒவ்வொரு நாடும் தன் விதியை மட்டும்தான் பார்க்கும், எண்ணுகிற முறையே கூட வேறு. அமெரிக்கா பகலில் சில மணி நேரம் இருந்தாலும் ஒரு நாள் என்னும், பிரிட்டன் பொதுவாக நள்ளிரவில் அங்கே இருந்தீர்களா என்று பார்க்கும். வரி ஆண்டும் ஒன்றல்ல: அமெரிக்காவுக்கு ஜனவரி, இந்தியாவுக்கு ஏப்ரல் 1, பிரிட்டனுக்கு ஏப்ரல் 6, ஆஸ்திரேலியாவுக்கு ஜூலை 1.

இரு நாடுகளுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருந்தால் நீங்கள் எந்த நாட்டு ரெசிடென்ட் என்று முடிவு செய்யும் வரிசை வழக்கமாக அதிலேயே எழுதியிருக்கும். முதலில், நிரந்தரமாகத் தங்க வீடு எங்கே இருக்கிறது? இரண்டிலும் இருந்தால் குடும்பமும் பிழைப்பும் எங்கே நெருக்கம்? அதிலும் தெளியாவிட்டால் வழக்கமாக எங்கே வாழ்கிறீர்கள், பிறகு எந்த நாட்டுக் குடிமகன். கடைசியில் இரு அரசுகளும் பேசித் தீர்க்கும், ஆனால் அது வரை இழுத்துக்கொண்டு போகாமல் இருப்பது நல்லது. இங்கே ஒரு சங்கதி: சொந்த வீடாக இருக்க வேண்டியதில்லை, எப்போது வேண்டுமானாலும் போய்த் தங்கலாம் என்றிருக்கும் வாடகை வீடும் வீடுதான். புறப்படும்போது வீட்டைக் காலி செய்தீர்களா, பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டீர்களா என்பது இதனால்தான் முக்கியம்.

கேள்வி: ஒரே வருமானத்துக்கு இரண்டு இடத்திலும் வரி கட்டித்தான் ஆக வேண்டுமா?

பதில்: இரண்டு இடத்திலும் காட்டுவீர்கள், பெரும்பாலும் முழுதாக இரண்டு முறை கட்ட மாட்டீர்கள். ஒரு நாட்டில் கட்டிய வரியை இன்னொரு நாட்டு வரியில் கழித்துக்கொள்ளும் கழிவு முறையில், 100 ரூபாய் வருமானத்துக்கு அங்கே 15 ரூபாய் பிடித்து, நீங்கள் வசிக்கும் நாட்டில் 20 வந்தால் மீதி 5 கட்டினால் போதும். அங்கே 30 பிடித்திருந்தால் இங்கே ஒன்றும் இல்லை, ஆனால் அந்த அதிகப்படி 10 ரூபாயை இங்கே திருப்பித் தர மாட்டார்கள். வரி கட்டிய ரசீதும் வசிப்பிடச் சான்றிதழும் இல்லாமல் போனால் கழிவு கேட்பது கஷ்டம்.

கேள்வி: வருமான வரியே இல்லாத வளைகுடா நாட்டில் வேலை. அப்படியானால் எங்கேயுமே வரி இல்லை, சரிதானே?

பதில்: பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. அமெரிக்கக் குடிமகன் எங்கே வாழ்ந்தாலும் ரிட்டர்ன் போட வேண்டும். 2025-க்கு 1,30,000 டாலர் வரை வெளிநாட்டுச் சம்பளத்துக்கு விலக்குக் கேட்கலாம், தானாக வராது. இந்தியக் குடிமகன், வெளிநாட்டு வருமானம் நீங்கலாக 15 லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பாதித்து, வேறெந்த நாட்டிலும் வரிக்கு உட்படாதவராக இருந்தால், ஒரு நாள்கூட இந்தியாவில் தங்காவிட்டாலும் அங்கே ரெசிடென்டாகக் கருதப்படுவார். பயப்பட வேண்டாம், இது வளைகுடாச் சம்பளத்தைப் பிடிக்க வந்த விதி அல்ல, அந்தச் சம்பளத்துக்கு இதனால் வரி வராது. இந்தியாவிலிருந்து நடத்தும் தொழிலின் வெளிநாட்டு லாபம் இருந்தால்தான் சிக்கல்.