முதல் வரி வராவிட்டால்?

கேள்வி: அல்சூர் பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறேன். என்ன செய்வது?
– வாசகி, பெங்களூரு

பதில்: முதல் வரியைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம், சகோதரி. ஏரி, சோமேஸ்வரர் கோயில், தமிழ்ச் சங்கம், வள்ளுவர் சிலை என்று தோன்றுவதையெல்லாம் முதலில் குறித்து வையுங்கள். அப்புறம் ஒன்றை மட்டும் பிடியுங்கள். நானாக இருந்தால் சிலையைத்தான் எடுப்பேன். 1991இல் அமைத்தும் 2009 ஆகஸ்ட் 9 வரை திறக்காமல் மூடியே இருந்த சிலை அல்லவா! ஏன் மூடினார்கள், எப்படித் திறந்தார்கள், அன்று உங்கள் தெருவில் என்ன பேசிக்கொண்டார்கள்? இவற்றுக்குப் பதில் எழுதினாலே பாதிக் கட்டுரை வந்துவிடும். பிழை பார்க்க நிற்காமல் எழுதி முடியுங்கள். இரண்டு நாள் கழித்து வாய்விட்டுப் படித்து, மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். சோமேஸ்வரர் இதில் வேண்டாம். அவருக்குத் தனிக் கட்டுரை எழுதி எனக்கும் அனுப்புங்கள்.