'முடித்தால் இரண்டு மடங்கு' வேண்டவே வேண்டாம்

கேள்வி: எனக்கு 36 வயது. சமவெளியில் இரண்டு முழு மாரத்தான் ஓடியிருக்கிறேன், இரண்டிலும் நாலரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அடுத்த மே மாதம் எவரெஸ்ட் அடிவார முகாமிலிருந்து தொடங்கும் மாரத்தானில் ஓடி, புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு உதவும் ஓர் அறக்கட்டளைக்குப் பணம் திரட்ட ஆசை. அலுவலகத்தில் பலர் 'கிலோமீட்டருக்கு இவ்வளவு' என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். மேலாளர், "முழுசா முடிச்சா மொத்தத்தையும் நான் இரண்டு மடங்காக்குறேன்" என்கிறார். என் கணவரோ, "போய்வர ஆகும் செலவை நேரா அங்கேயே கொடுத்துடலாமே" என்கிறார். அவர் சொல்வது சரிதானா? நான் எப்படித் தயாராவது? உயரப் பயிற்சி முகமூடி வாங்கலாமா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவள் உங்கள் மேலாளரின் வரியில் நின்றுவிட்டேன். நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார், ஆனால் உங்கள் பயணத்திலேயே ஆபத்தான விஷயம் அதுதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன், முதலில் கணவர்.

கணக்குப்படி அவர் சொல்வது சரி. விமானம், வழிகாட்டி, தங்குமிடம், பதிவுக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்தால் பெரிய தொகை, அதை அப்படியே கொடுத்தால் அறக்கட்டளை சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும். ஆனால் நீங்கள் போகாவிட்டால் அந்தப் பணத்தை உண்மையிலேயே அங்கே கொடுப்பீர்களா? பெரும்பாலும் மாட்டோம், நானும் மாட்டேன். எனவே, 'எனக்கு அந்த மலையில் ஓட ஆசை, அதற்கு என் சேமிப்பிலிருந்து செலவு செய்கிறேன், அந்தச் சாக்கில் மற்றவர்களிடம் நல்ல காரியத்துக்குக் கேட்கிறேன்' என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியது, திரட்டிய பணத்திலிருந்து டிக்கெட் எடுத்துவிட்டு அதைச் சொல்லாமல் இருப்பது. சில அறக்கட்டளைகள், குறைந்தபட்சம் இவ்வளவு திரட்டினால் உங்கள் பயணச் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்பார்கள். அது தவறில்லை, ஆனால் கொடுப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அப்புறம், அறக்கட்டளையிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, பணம் நேராக அவர்கள் கணக்குக்கே போகும்படி செய்யுங்கள். உங்கள் கணக்கு வழியாக ஒரு பைசாகூட வர வேண்டாம், நாளைக்கு யாருக்கும் கணக்குக் காட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இப்போது மலை. 1953 மே 29 அன்று டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார்கள், அதன் ஐம்பதாம் ஆண்டான 2003-இல் தொடங்கிய ஓட்டம் இது, அதே தேதியில்தான் நடக்கிறது. தொடக்கம் 5,364 மீட்டரில், முடிவு சுமார் 3,440 மீட்டரில் இருக்கும் நாம்சே பஜாரில். மொத்தத்தில் இறக்கம்தானே என்று நினைத்துவிடாதீர்கள், நடுவில் நெஞ்சு அடைக்கிற ஏற்றங்கள் உண்டு. தொடங்கும் இடத்தின் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. காற்றில் ஆக்சிஜனின் பங்கு என்னவோ அதே 21 சதவீதம்தான், ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது பாதி. 1968 மெக்சிகோ ஒலிம்பிக் வெறும் 2,240 மீட்டர் உயரத்தில் நடந்தது, அங்கேயே மாரத்தானில் வென்ற மாமோ வோல்டேவுக்கு 2 மணி 20 நிமிடத்துக்கு மேல் ஆனது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு டோக்கியோவில் அபேபே பிகிலா 2 மணி 12 நிமிடத்தில் முடித்திருந்தார். அவர்களுக்கே அப்படி என்றால், நீங்கள் உங்கள் நாலரை மணி நேரத்தை மறந்துவிட்டு அதைப்போல இரண்டு மடங்குக்குத் தயாராக இருங்கள்.

உடல் தகுதி நன்றாக இருந்தால் மலை நோய், அதாவது உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் தலைவலியும் குமட்டலும், வராது என்று பலர் நம்புகிறார்கள். வரும். சொல்லப்போனால் ஓட்டக்காரர்களுக்கு இன்னும் சிக்கல், கால் தெம்பாக இருப்பதால் வேகவேகமாக ஏறிவிடுவார்கள், உள்ளே உடல் பழகியிருக்காது. 3,000 மீட்டருக்கு மேல் போனதும், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும். நாட்களைச் சுருக்கி மலிவாக முடித்துத் தருகிறோம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மலை நோயைத் தடுக்க உதவும் அசிட்டசோலமைடு மாத்திரை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள், சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவை ரத்தத்தில் இப்போதே பார்த்துவிடுங்கள், உயரத்தில் புது ரத்த அணுக்கள் உருவாக இரும்புச்சத்து வேண்டும், பெண்கள் பலருக்கு அது குறைவாகவே இருக்கும்.

பயிற்சியைப் பொறுத்தவரை, வேகத்தை விட்டுவிட்டு நேரத்தைக் கூட்டுங்கள். வாரக் கடைசியில் இரண்டு நாளும் தொடர்ந்து ஐந்தாறு மணி நேரம், முதுகில் பையோடு, நடையும் ஓட்டமுமாக. ஏறுவதைவிட இறங்கிப் பழகுவது முக்கியம், தொடைத் தசையைக் கிழிப்பது இறக்கம்தான். பக்கத்தில் மலை இல்லையென்றால் மாடிப்படி போதும், மேலே லிஃப்டில் போய்க் கீழே நடந்து வாருங்கள், பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். முகமூடி வேண்டாம். அது மூச்சு இழுப்பதைக் கடினமாக்குமே தவிர காற்றில் ஆக்சிஜனின் அழுத்தத்தைக் குறைக்காது, உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காப்பீடு எடுக்கும்போது எத்தனை மீட்டர் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பல பாலிசிகள் ஓர் உயரத்துக்கு மேல் கைவிட்டுவிடும்.

சரி, மேலாளருக்கு வருகிறேன். ஐந்தாயிரம் மீட்டரில் ஓட்டத்துக்கு முந்தைய இரவு உங்களுக்குத் தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்று வையுங்கள். செய்ய வேண்டியது எளிது: வழிகாட்டியிடம் சொல்வது, மேலே ஏறாமல் இருப்பது, கூடினால் இறங்குவது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்க முடியாமல் தடுமாறினாலோ யோசிக்கவே கூடாது, அது நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோப்பதன் அறிகுறி, நள்ளிரவானாலும் கீழே இறங்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் உங்கள் மனதில் ஓடப்போவது என்ன? 'நான் நின்றால் குழந்தைகளுக்குப் பாதிப் பணம் போய்விடும்.' உடனே தலைவலியை மறைப்பீர்கள், ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்புவீர்கள். நல்லவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்வார்கள், தனக்காக என்றால் நின்றுவிடுவோம், பிறருக்காக என்றால் நிற்கக் கூச்சமாக இருக்கும்.

அதனால் கிலோமீட்டர் கணக்கை ரத்து செய்யுங்கள். எழுதிக் கொடுத்த எல்லோரிடமும், முழுத் தொகையையும் ஓட்டத்துக்கு முன்பே, நீங்கள் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே, அறக்கட்டளைக்குச் செலுத்திவிடச் சொல்லுங்கள். சிலர் பின்வாங்கலாம், தொகை குறையலாம், பரவாயில்லை. மேலாளரிடம் இப்படிக் கேளுங்கள்: "சார், நான் முடிச்சாலும் முடிக்காட்டியும் இரண்டு மடங்கு தருவீங்களா? முடிச்சாதான்னு இருந்தா, உடம்பு முடியாதப்பகூட நான் ஓடிடுவேன்னு பயமா இருக்கு." இதைக் கேட்ட பிறகும் அவர் நிபந்தனையை விடவில்லை என்றால், அந்தப் பணத்தை நீங்கள் விட்டுவிடுங்கள்.