ஜஸ்ட் ரைட் படத்தில் வருவதுபோல முழங்கால் காயம் அவ்வளவு சீக்கிரம் ஆறுமா?

எந்த ஜவ்வு கிழிந்தது என்பதைப் பொறுத்தது. 2010-இல் வந்த அந்த ஹாலிவுட் படத்தில் முழங்காலில் அடிபடும் நியூ ஜெர்சி நெட்ஸ் அணிக் கூடைப்பந்து வீரராக ராப் பாடகர் காமன் (Common), அவரைத் தேற்றும் பிசியோதெரபிஸ்டாக நடிகை குயீன் லத்தீஃபா; இருவருக்கும் காதல் வருகிறது. நிஜத்தில் பின்பக்க ஜவ்வு (பிசிஎல்) லேசாகக் கிழிந்திருந்தால் அறுவை சிகிச்சை இல்லாமலே சில வாரங்களில் தேறிவிடலாம். முன்பக்க ஜவ்வு, அதாவது ஏசிஎல், முழுசாகக் கிழிந்தால் கதை வேறு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதலில் வீக்கம் வடிய வேண்டும், காலை முழுதாக நீட்ட வர வேண்டும். அப்புறம்தான் சூம்பிப்போன தொடைத்தசைக்குப் பயிற்சி, ஓட்டம், குதித்து இறங்குவது எல்லாம். களத்துக்குத் திரும்ப 9 மாதமாவது ஆகும். சலிப்பான வேலை, படமாக எடுத்தால் தூங்கிவிடுவோம்.

சரி, காதல்? சிகிச்சையில் இருப்பவரோடு பாலுறவு கூடாது என்பது அமெரிக்க பிசியோதெரபி சங்கத்தின் நெறிமுறை. லைசென்ஸுக்கே ஆபத்து.