கீமோ சிகிச்சை பெறுவோரின் தலைமுடியில் தாதுக்களின் அளவு மாறுமா? முடியைப் பரிசோதித்துச் சத்துக் குறைபாட்டைக் கண்டறியலாமா?

மாறக்கூடும். ஆனால் அந்த மாற்றத்தை வைத்து, நோயாளியின் உடலில் இன்று எந்தச் சத்து குறைந்திருக்கிறது என்று முடிவு செய்ய இயலாது. என் தாயாருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சுடன் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் ஏற்றப்பட்ட காலத்தில், உறவினர் ஒருவர் இதே பரிசோதனையை மிகுந்த அக்கறையோடு பரிந்துரைத்தார். அப்போது படித்ததையும் மருத்துவர்களிடம் கேட்டறிந்ததையும் கொண்டே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

துத்தநாகம், தாமிரம், செலினியம் போன்றவை ரத்தத்திலிருந்து முடிக்குள் சேர்வது, அது வேர்க்காலில் உருவாகும் வேளையில்தான். தோலுக்கு வெளியே வந்தபின் முடி உயிரற்ற இழை. அது மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்வதால், வேரை ஒட்டிய பகுதி அண்மைக் காலத்தையும் நுனி பழைய மாதங்களையும் காட்டும் என்பதே இப்பரிசோதனையின் அடிப்படை. கீமோ இந்த அடிப்படையையே குலைத்துவிடுகிறது. டாக்ஸோரூபிசின், பாக்லிடாக்ஸெல் போன்ற மருந்துகள் வேகமாகப் பிரிந்து பெருகும் வேர்க்கால் செல்களைத் தாக்குவதால், வளரும் நிலையிலிருந்த முடி பெரும்பாலும் 2 அல்லது 3 வாரங்களில் உதிரத் தொடங்குகிறது. தலையில் எஞ்சுவதில் பெரும்பகுதி, மருந்து ஏறுவதற்கு முன்பே வளர்ந்து ஓய்வு நிலைக்குப் போய்விட்ட முடி. அதை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினால், கீமோவுக்கு முந்தைய மாதங்களைப் பற்றித்தான் அது ஏதாவது சொல்லும்.

சிஸ்பிளாட்டின் மட்டும் பெறுவோருக்கு முடி பெரும்பாலும் மெலிவதோடு நின்றுவிடும்; வளர்ச்சியும் தொடரும். அந்த மருந்தில் உள்ள பிளாட்டினம் முடியில் படிவதை ஆய்வாளர்கள் லேசர் கொண்டு ஒற்றை முடியிலேயே அளந்திருக்கிறார்கள். மருந்து உடலில் பரவியதற்கு அது நல்ல சான்று. ஆனால் நோயாளிக்கு உண்மையில் ஆபத்தாக அமைவது மெக்னீசியம் இழப்பு. அது நடப்பது சிறுநீரகத்தில். சிஸ்பிளாட்டின் சிறுநீரக நுண்குழாய்களைப் பாதிப்பதால், உடலுக்குத் திரும்ப வேண்டிய மெக்னீசியம் சிறுநீரோடு வெளியேறிவிடுகிறது. அது மிகவும் குறைந்தால் பொட்டாசியமும் கால்சியமும் சேர்ந்து குறையும். மெக்னீசியத்தைச் சரிசெய்யாமல் பொட்டாசியத்தை மட்டும் ஏற்றினால் பெரும்பாலும் அளவு நிலைக்காது. என் தாயாருக்குக் கெண்டைக்கால் பிடிப்பும் கைநடுக்கமும் வந்தபோது, ரத்தத்தில் மெக்னீசியம் குறைவு என்று அன்றைக்கே தெரிந்தது, டிரிப் வழியாக ஏற்றினார்கள். முடி அறிக்கைக்காகக் காத்திருந்தால் அந்த வாரம் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு அச்சமாக இருக்கிறது.

முடியில் காணப்படும் தாது எல்லாம் உடலுக்குள்ளிருந்து வந்ததும் அல்ல. கடினமான போர்வெல் தண்ணீரில் குளித்தால் கால்சியமும் மெக்னீசியமும் வெளியிலிருந்தே படியும். பொடுகு ஷாம்புகள் சிலவற்றில் துத்தநாகமோ செலினியமோ உண்டு. அமெரிக்காவில் ஆரோக்கியமான ஒருவரின் முடியைப் பிரித்து 6 வணிக ஆய்வகங்களுக்கு அனுப்பிய ஆய்வு 2001இல் வெளியானது. ஒரே தலைமுடிக்கு அவை தந்த அளவுகள், 12 தாதுக்களில் 10 மடங்குக்கும் மேல் வேறுபட்டிருந்தன.

என் கவலை பரிசோதனைக்கு ஆகும் செலவைப் பற்றியது மட்டுமல்ல. அறிக்கையில் 'குறைவு' என்று கண்டவுடன் துத்தநாக மாத்திரைகளை அதிக அளவில், பல மாதங்கள் விழுங்கினால், அவை குடலில் தாமிரம் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். தாமிரம் குறைந்தால் ரத்தசோகையும் வெள்ளணுக் குறைவும் வரும். கீமோ ஏற்கெனவே அதே அணுக்களைக் குறைத்துக்கொண்டிருக்கும்போது, குறைந்தது மருந்தாலா மாத்திரையாலா என்று மருத்துவர் எப்படிப் பிரித்தறிவார்?

ரத்தப் பரிசோதனையும் முழுமையானது அல்ல. உடலின் மொத்த மெக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே ரத்தநீரில் இருக்கிறது. இருந்தாலும் இதயத் துடிப்போடும் தசைகளோடும் நேரடித் தொடர்புள்ள அளவு அது; சிகிச்சையும் அதைப் பார்த்தே முடிவாகிறது. எனவே சிஸ்பிளாட்டினோ, அதுபோலவே மெக்னீசியத்தைக் குறைக்கக்கூடிய செட்டுக்ஸிமாப் என்ற புற்றுநோய் மருந்தோ பெறுபவரின் வீட்டார், வழக்கமான எலக்ட்ரோலைட் (ரத்தத்திலுள்ள உப்புகளின் அளவு) பரிசோதனையில் மெக்னீசியமும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்; பல இடங்களில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் ஆகியவற்றோடு அது நின்றுவிடும், மெக்னீசியத்தைத் தனியாக எழுதித்தர வேண்டும். சிகிச்சை முடிந்து சில மாதங்கள் கழித்தும் இந்தக் குறைவு நீடிக்கலாம் என்பதால், மறுபரிசோதனைக்குப் போகும் நாட்களிலும் அதைக் கேட்டு வாங்குங்கள்.